மாப்பிள்ளை வந்தது என் வண்டியிலதான்

மஸ்டாங் வண்டி பாக்க வந்தீங்களா தம்பி? அந்தச் செவப்பு வண்டிதானே? எதிர்த்த வீடுதான். ஆனா பூட்டிக் கெடக்கு பாருங்க. பூமிராஜன் காரியாபட்டி வரைக்கும் போயிருக்கான், வர நேரமாகும். வெயில்ல ஏன் நிக்கிறீங்க, இப்படி நம்ம கார் செட்டுல வந்து உக்காருங்க. டீ சொல்றேன். எங்க இருந்து வாரீங்க, கோயம்புத்தூரா? இதைப் பாக்கவா அம்புட்டுத் தூரம் வந்தீங்க? சரிதான்.

நான் தவமணி. பூமிராஜனோட அக்கா சொர்ணத்தைக் கட்டுனவன். அந்த வகையில அவன் எனக்கு மச்சினன். எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கெடையாது, மூணு வருஷமாச்சு. அதனால நான் சொல்றதுல ஓரவஞ்சனை இருக்கும்னு நெனச்சிராதீங்க. உள்ளத உள்ளபடி சொல்றவன் நான். அருப்புக்கோட்டையில யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

வாங்கப் போறவரு நீங்க. வாங்குறதுக்கு முன்னாடி அந்த வண்டியோட யோக்கியதைய யாராவது சொல்லணும்ல.

இந்தா, படுதா போட்டு நிக்குதே, இது பிளைமவுத். எங்கப்பா வாங்குனது. ஊர்ல யாரும் அந்தப் பேரைச் சொல்றதில்ல, கப்பல்னுதான் சொல்லுவாய்ங்க. மேல்கூரைய மடக்கி வச்சா அம்மன் சப்பரம் மாதிரி இருக்கும். சுத்துப்பட்டுல மாப்பிள்ளை அழைப்புன்னா கப்பல்தான். கல்யாணத்துக்கு மொத நாள் சாயங்காலம் பிள்ளையார் கோயில்ல சாமி கும்பிட வச்சு, மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு போட்டு, மாலை போட்டு, இந்தப் பின்சீட்டு முதுகு மேல உக்கார வச்சிருவோம். முன்னால நாதஸ்வரம், அதுக்கு முன்னால வேட்டு. மண்டபம் வரைக்கும் ஆள் நடக்குற வேகத்துலதான் வண்டி போகணும். இதுல ரெண்டு விஷயம் முக்கியம் தம்பி. ஏறுன மாப்பிள்ளை மண்டபத்து வாசல்லதான் எறங்கணும், நடுவழியில கால் கீழ படக்கூடாது. வண்டி ஒரு அடி கூடப் பின்னால போகக்கூடாது. போனா அபசகுனம், அந்தக் கல்யாணம் வெளங்காதும்பாய்ங்க. உங்க ஊர்ல எப்படியோ, எங்க பக்கம் இதுல விட்டுக்கொடுக்க மாட்டாய்ங்க.

இப்படி ராசா மாதிரி ஓடிட்டிருந்த வண்டிக்குப் போட்டியாத்தான் அவன் அந்தக் கழிசடையக் கொண்டாந்தான்.

மெட்ராஸ்ல ஏதோ ஏலத்துல எடுத்தானாம். எந்த வெளிநாட்டுக்காரன் வேண்டாம்னு விட்டுட்டுப் போனதோ. லாரியில வச்சு வந்துச்சு. எறக்கும்போது தெருவே நின்னு பாத்துச்சு. ரெண்டே கதவு, மேல மடக்குற கூரை. ஸ்டியரிங் இடது பக்கம். சீட்டெல்லாம் எலி கடிச்சது. முன்னால கிரில்லுல ஒரு குதிரை ஓடுது, அதுக்குக் கடிவாளம் கெடையாது, சேணம் கெடையாது. காட்டுக் குதிரையாம், அதுதான் மஸ்டாங்குக்கு அர்த்தமாம். நான் கேட்டேன், "ஏம்ப்பா, குதிரை வாங்கப் போனவன் கடிவாளத்த அங்கேயே விட்டுட்டு வந்துட்டியா"ன்னு. கூடி நின்னவன் எல்லாம் சிரிச்சான். அவனும் சேந்து சிரிச்சான். ரோஷமே கெடையாது அவனுக்கு, சின்னதுல இருந்தே அப்படித்தான்.

அப்புறம் எனக்கே பாடம் எடுக்கிறான். "மச்சான், இது அமெரிக்காவுல வந்த மொத வருஷமே லட்சக்கணக்குல வித்துச்சு மச்சான். அதுக்கு முன்னாடி இந்த மாதிரி வண்டின்னா பணக்காரனுக்குத்தான். இது காலேஜ் பையன், டீச்சரம்மா, ஆபீசுல டைப் அடிக்கிற பொண்ணு எல்லாரும் வாங்குனாங்க மச்சான். இந்த வண்டியப் பாத்துத்தான் மத்த கம்பெனிக்காரன்லாம் இதே மாதிரி செய்ய ஆரம்பிச்சான்"ங்கிறான். டீச்சரம்மா வாங்குன வண்டிக்கா இந்தப் பீத்தல்? எங்க கப்பல்ல ஜமீன்தார் உக்காந்திருக்காரு. இதை அவன்கிட்ட சொன்னா, "அதுவும் அமெரிக்கா வண்டிதான மச்சான்"ங்கிறான். எதுக்கு எதைச் சொல்றான் பாருங்க.

மசில் காருன்னு வேற ஒரு பேரு. மசிலு! எட்டு சிலிண்டராம். நூறு மைல் வேகத்துல பறக்கச் செஞ்ச வண்டிய நாதஸ்வரக்காரர் முதுகுக்குப் பின்னால உருட்டிட்டு வர்றான். பந்தயக் குதிரையச் செக்குல கட்டுன மாதிரி. அது சூடாகாம என்ன செய்யும்? எங்க ஊர்த் தண்ணி வேற உப்பு, ரேடியேட்டருக்குள்ள போனா சுண்ணாம்பாப் படிஞ்சிரும். அதுக்கு அவன் என்ன பண்ணான் தெரியுமா? வீட்டுல பொண்டாட்டி பிள்ளைக்கு உப்புத் தண்ணி, வண்டிக்குக் கேன் தண்ணி. பெருமைக்கு எருமை மேய்க்கிறதுன்னு சொல்லுவாங்கள்ல, அதுதான்.

மூணு மாசம் சீண்ட நாதியில்லாமக் கெடந்துச்சு. தெருப் பிள்ளைக அதுக்குள்ள ஒளிஞ்சு விளையாடும். அப்ப ஒரு வைகாசி முகூர்த்தம். கப்பல் பாலையம்பட்டிக்குப் போக ஒத்துக்கிட்டாச்சு, அதே நாள் இங்க ஒரு நூல் கடைக்காரர் வீட்டுக் கல்யாணம். வேற வண்டி இல்லையேன்னு கையப் பெசஞ்சிக்கிட்டு நின்னாரு. சரி, பொண்டாட்டி தம்பியாச்சே, தொலையட்டும்னு நான்தான் அவன் பேரைச் சொன்னேன். என் நல்ல மனசு தம்பி, அதுதான் எனக்கு எமன்.

அன்னைக்கு மண்டபத்துக்குப் போற வழியில தேரடி மேட்டுல வண்டி திணற ஆரம்பிச்சிருச்சு. நின்னுறக் கூடாதேங்கிற பயத்துல இவன் ஆக்ஸிலேட்டரை மிதிச்சான். அம்புட்டுத்தான் நடந்தது. ஒரு உறுமல் உறுமுச்சு. முன்னால போன தவில்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டு, கோபத்துல தவில்ல ஒரு அடி அடிச்சாரு. இவன் மறுபடி மிதிச்சான். அவரு மறுபடி அடிச்சாரு. வண்டி உறும, தவில் பதில் சொல்ல, ஊர்ல உள்ள இளவட்டம் பூராம் துண்டைச் சுத்தி ஆட ஆரம்பிச்சிருச்சு. வண்டிக்கு வந்த நோக்காடு தம்பி அது, சீக்கு. நோக்காட்டைக் கச்சேரின்னு நெனச்சு ஆடுன ஊரு இது.

அதுல இருந்து பிடிச்சுது சனி. அடுத்த முகூர்த்தத்துக்கு வந்தவன், "வண்டி வந்தா மட்டும் போதாது, உறுமணும்"ங்கிறான். கெழடு கட்டையெல்லாம், "அந்தக் காலத்துல மாப்பிள்ளை குதிரையிலதான் வருவாரு, அந்த வழக்கம் திரும்பி வந்துருச்சு"ன்னு கன்னத்துல போட்டுக்குது. தவில்காரர் இருக்காரே, அவரு கச்சேரிக்குப் பேசி முடிக்கிறப்பவே, "செவப்பு வண்டி உண்டா"ன்னு கேக்குறாரு. ஒரு கட்டத்துல பொண்ணு வீட்டுக்காரங்க பஞ்சாங்கத்துல நாள் பாக்குறதுக்கு முன்னாடி, மஸ்டாங் எந்த நாள் சும்மா இருக்குன்னு இவன் வீட்டு வாசல்ல வந்து நின்னாய்ங்க. கப்பல்? கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதை. கொட்டகையில தூங்குச்சு.

நானும் நாலு பேருக்கு நல்லது சொல்லிப் பாத்தேன். அந்தக் குதிரைய முன்னால நின்னு பாருங்க தம்பி, இடது பக்கமா ஓடும். "இடமாப் போற குதிரைக்குப் பின்னால மாப்பிள்ளைய உக்கார வைக்கிறீங்களே, குடும்பம் வெளங்குமா"ன்னு டீக்கடையில ஒரு வார்த்தை சொன்னேன். பொறாமையில சொல்லல, அக்கறையில சொன்னது. ஒரு வாரம் நல்லா வேலை செஞ்சுச்சு, ரெண்டு பேரு பின்வாங்கிட்டாய்ங்க. அப்புறம் எவனோ ஒருத்தன் எங்க ஊர் ஜோசியரைக் கூட்டிட்டு வந்து வண்டிக்குள்ள உக்கார வச்சிருக்கான். அந்த மனுசன் பின்சீட்டுல உக்காந்து யோசிச்சுட்டு, "எதிர்ல நிக்கிறவனுக்குத்தான் அது இடம். மாப்பிள்ளை உக்காந்த எடத்துல இருந்து பாத்தா குதிரை வலமாப் போகுது. ரொம்ப விசேஷம்"னு சொல்லிட்டு எறங்கிட்டாரு. அதுக்கப்புறம் கேக்கணுமா. திருச்சுழி, பந்தல்குடி, விளாத்திகுளத்துல இருந்தெல்லாம் ஆள் வந்துச்சு.

டீயக் குடிங்க, ஆறுது.

இனிமேதான் விசயமே இருக்கு. என் மூத்த மக செண்பகவல்லிக்குக் கல்யாணம் வந்துச்சு. மாப்பிள்ளை வீடு திருமங்கலம். நல்ல எடம், எனக்கு மேல உள்ள எடம். எல்லாம் பேசி முடிச்சு வெத்தலை பாக்கு மாத்துற நேரத்துல மாப்பிள்ளையோட அம்மா, "உங்க ஊர்ல ஒரு செவப்பு வண்டி உறுமுமாமே"ன்னுது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் சொன்னேன், "சம்பந்தியம்மா, நாங்களே வண்டிக்காரங்க. என் வீட்டு மாப்பிள்ளை என் வண்டியிலதான் வருவாரு." அந்தம்மா மொகம் மாறிப்போச்சு.

பூமிராஜன் வந்தான். அவன்தானே தாய்மாமன், அவன் இல்லாமச் சடங்கு நடக்காது. "மச்சான், செண்பாவத் தோள்ல தூக்கி வளத்தவன் நான். வண்டிய நான் கொண்டாரேன், மாமன் சீரா இருக்கட்டும்"னான். தாய்மாமன் சீர்த் தட்டைத் தூக்கிட்டு வந்தாப் போதும், வண்டியத் தூக்கிட்டு வர வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன். அவன் அதுக்கும் சிரிச்சான். போற போக்குல, "மச்சான், கப்பல் கிளட்ச் தேஞ்சிருக்கு, தேரடி மேடு ஏறாது, மாத்திருங்க"ன்னுட்டுப் போனான். என் வண்டியப் பத்தி எனக்குச் சொல்றான். அதுக்காகவே நான் மாத்தல. சொர்ணம் ஒரு வாரம் எனக்குச் சோத்துத் தட்டை ணங்குன்னு வச்சா.

அன்னைக்குச் சாயங்காலம் நான்தான் ஓட்டுனேன். பின்னால மாப்பிள்ளை, அவரைச் சுத்தி அவங்க வீட்டுப் பிள்ளைக ஏழெட்டு. எறங்கச் சொல்ல முடியுமா, சம்பந்தி வீடு. அம்புட்டுப் பாரத்தை ஏத்துனா எந்த வண்டிதான் தாங்கும்? தேரடி மேட்டுல பாதி ஏறுனதும் கிளட்ச் போச்சு. இஞ்சின் கத்துது, சக்கரம் நகரல. பிரேக்க மிதிச்சு நிறுத்துனேன். மிதிச்ச காலை எடுத்தா வண்டி பின்னால உருளும்.

நாதஸ்வரம் நின்னுபோச்சு. இருவது பேரு கை வச்சுத் தள்ளிப் பாத்தாய்ங்க, கப்பல் என்ன தள்ளுவண்டியா, அசையல. மாப்பிள்ளையோட சித்தப்பா, "எறக்கி நடக்க வச்சிருவோம்"ங்கிறாரு. சம்பந்தியம்மா வாயில முந்தானைய வச்சுக்கிட்டு, "மொத நாளே இப்படித் தடங்கலா"ன்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொல்லுது. எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு காலையும் சேத்துப் பிரேக்குல அழுத்திக்கிட்டு உக்காந்திருக்கேன் தம்பி. மேல மண்டபத்துல என் பொண்ணு அலங்காரம் பண்ணி உக்காந்திருக்கா. என் கால் வழுக்குனா அவ வாழ்க்கை போச்சு, பொறந்த வீட்டுக்குச் சகுனம் கெட்டவளா வந்து நிப்பா. வேற எதுவும் அப்ப எனக்குத் தோணல.

அப்பத்தான் அந்த உறுமல் கேட்டுச்சு.

பக்கத்துச் சந்துல இருந்து மஸ்டாங் வருது. சந்துக்குள்ள நிறுத்தி வச்சிருந்திருக்கான் தம்பி. கப்பல் நிக்கும், நிக்கும்னு காத்துக்கிட்டே இருந்திருக்கான். எம்புட்டுக் கெட்ட புத்தி பாருங்க. கயிறு வேற கொண்டாந்திருக்கான், பஞ்சுப் பொதி கட்டுற தாம்புக்கயிறு. வந்தான், என் மொகத்தப் பாக்கல, கப்பலுக்கு முன்னால குனிஞ்சு கட்டுனான். மறு நுனிய மஸ்டாங்குக்குப் பின்னால கட்டுனான். ஏறி உக்காந்தான். தவில்காரரைப் பாத்து ஒரு உறுமல் விட்டான். அந்த மனுசன் அதுக்குன்னே காத்திருந்தவர் மாதிரி வெளுத்து வாங்குனாரு.

இழுத்துச்சு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை கால் கீழ படல, வண்டி பின்னால போகல. ஆனா மேடு தாண்டுறதுக்குள்ள அதோட மூக்குல இருந்து ஆவி கெளம்பிருச்சு. ரெண்டு வண்டிப் பாரம், நடை வேகம், காத்தே போகாது. அவன் திரும்பிப் பாத்து, "மச்சான், நிறுத்தவா? தண்ணி ஊத்தணும், ஆறணும்"னு கத்துனான். நல்ல நேரம் முடியப் போகுது, மண்டபம் கண்ணுக்குத் தெரியுது. நான் கையக் காட்டி, "போ, போ"ன்னேன். சொன்னது உண்மைதான். ஆனா நான் சொன்னாக் கேக்குற ஆளா அவன்? வாழ்நாள்ல ஒரு தடவை என் பேச்சைக் கேட்டதில்ல. அன்னைக்கு மட்டும் கேட்டான்.

மண்டபத்து வாசல்ல போய் நின்னுச்சு. உள்ள ஏதோ டொக்குன்னு வெடிச்ச சத்தம். இஞ்சின் ஹெட்டு விரிசல் விட்டுப்போச்சு. அதோட சரி, இன்னைக்கு வரைக்கும் அது உறுமல. அந்த ஹெட்டு இங்க எங்கயும் கெடைக்கலையாம், வெல்டிங் வச்சா நிக்கலையாம்.

அதுகூடப் பரவால்ல. ஆரத்தி எடுத்து மாப்பிள்ளை எறங்குனதும் அவங்க வீட்டு ஆளுக மாலைய எடுத்துட்டு எங்க போனாய்ங்கங்கிறீங்க? மஸ்டாங்குக்கு. அந்தம்மா அதுக்குத் திருஷ்டி சுத்துது. நான் வாசல்ல நின்னு சத்தமாச் சொன்னேன், "மாப்பிள்ளை வந்தது என் வண்டியிலதான். அது வெறும் இழுவை வண்டி. இழுவை வண்டிக்கு யாரும் மாலை போட வேண்டாம்." நியாயந்தானே? மாப்பிள்ளை உக்காந்திருந்தது எதுல? நீங்களே சொல்லுங்க. ஊரே கேட்டுச்சு. அவனும் கேட்டான். அன்னைக்கு மட்டும் அவன் சிரிக்கல.

மறுநாள் காலையில வந்தான். மாமன் சீரெல்லாம் முறைப்படி செஞ்சான், பிள்ளைக்கு நெத்தியில பட்டம் கட்டுனான். தாலி கட்டுனதும் கைய நனைக்காமப் போயிட்டான். தாய்மாமன் பந்தியில உக்காராமப் போனா யாருக்குத் தம்பி அவமானம்? எனக்கு. குதிரை கீழ தள்ளுனது பத்தாதுன்னு குழியும் பறிச்சதாம். அவன் வந்து ஒரு வார்த்தை, "தப்புதான் மச்சான்"னு சொல்லுவான்னு மூணு வருஷமா எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன். காலையில அவன் கதவைத் தெறந்தா நான் தெரிவேன், நான் கதவைத் தெறந்தா அவன் தெரிவான். ஒரு நாள் வரல.

வண்டி மவுசு மட்டும் கொறையல. ஓடாத வண்டி முன்னால நின்னு புதுப்பொண்ணும் மாப்பிள்ளையும் போட்டோ எடுத்துட்டுப் போறாய்ங்க. செண்பா மாமியார் வந்தா என் வீட்டுல செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி எதிர்த்த வீட்டுல போய் அதைத் தொட்டுக் கும்பிடுது. இவன் தெனமும் அதைத் தொடைக்கிறான். இப்ப என்னடான்னா விக்கப் போறேன்னு நெட்டுல போட்டிருக்கானாம். என் சின்ன மக உமையாள்தான் போன்ல காட்டுனா. அக்காகிட்ட சொன்னானாம், "பாத்துக்கிட்டே இருக்க முடியலக்கா"ன்னு. வண்டியப் பாக்க முடியலையா, எதிர்த்த வீட்டைப் பாக்க முடியலையா, அதைச் சொல்லல.

அந்த உமையாளுக்குத்தான் வர்ற தையில கல்யாணம். அது என்னங்குது தெரியுமா? "மாமா வண்டியில மாப்பிள்ளை வரணும். இல்லேன்னா எனக்கு மாப்பிள்ளை அழைப்பே வேண்டாம், நேரா ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போயிருவேன்"ங்குது. சொல்றதைச் செய்யிற கழுதை அது, அவ மாமன் மாதிரி. ஓடாத வண்டியில எப்படிடி வருவாருன்னேன். "அக்கா வீட்டுக்காரர் எப்படி வந்தாரு"ன்னு திருப்பிக் கேட்டுட்டு உள்ள போயிருச்சு.

அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. ஊர் முன்னால அவன் என்னை இழுத்துட்டுப் போனான்ல? பதிலுக்கு நான் இழுக்க வேண்டாமா? விட்டுருவேனா? கப்பலுக்குப் புதுக் கிளட்ச் போட்டாச்சு. தேரடி மேட்டுல ஆளில்லாத நேரமாப் பாத்து ஏத்தியும் பாத்துட்டேன். முன்னால கப்பல், பின்னால மஸ்டாங், மஸ்டாங் மேல மாப்பிள்ளை. இவன் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டுப் பிரேக்குல கால வச்சு உக்காரட்டும். கயித்துல கட்டி இழுபட்டு வர்றவன் பாடு எப்படி இருக்கும்னு அவனும் தெரிஞ்சுக்கணும். மண்டபத்து வாசல்ல யாருக்கு மாலை போடுறாய்ங்கன்னு நானும் பாக்கணும். போடட்டும், அதுக்கே போடட்டும், இந்தத் தடவை நான் வாயத் தெறக்க மாட்டேன். ஆனா இழுத்தது நான்னு ஊர் பாக்கணும்ல.

அதுக்குள்ள நீங்க வந்து நிக்கிறீங்க. நீங்க பாட்டுக்கு லாரியில ஏத்திட்டுப் போயிட்டா நான் யாரை இழுக்கறது?

அந்தா, பைக் சத்தம். வாரான். எந்திரிக்காதீங்க, இருங்க. நான் அவன்கிட்டப் பேச மாட்டேன், நீங்கதான் சொல்லணும். வண்டி உங்களுக்குப் பிடிக்கலன்னு சொல்லிருங்க. அப்புறம், தை மாசம் அது அவன் மருமக கல்யாணத்துக்கு வேணும்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. பந்தியில உக்காந்து சாப்பிட்டுத்தான் போகணும்னும் சொல்லுங்க, அதை நான் சொன்னேன்னு சொன்னாலும் பரவால்ல.

நம்பலேன்னா இந்தாங்க, இதைக் காட்டுங்க. எடுத்து வச்சிருக்கேன், எலி கடிக்காம உத்தரத்துல தொங்கவிட்டிருந்தேன். யார் குடுத்ததுன்னு அவன் கேக்க மாட்டான். கயிறு அவனோடதுதான்.